கூற்றும் கேட்போரும்: ஐஸ் க்யூபின் நான்கு ஆல்பங்கள்

ஆண்டு மலர் என்றால் திருக்குறள், சிலம்பு, பாரதி என்று கட்டுரைகள் வருவது வழக்கம். அந்த வரிசையில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் கேங்ஸ்டா ராப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று பெரியவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். பையன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். "என்னடா கேக்குறே?" என்றால் "ராப்" என்கிறான். வாங்கிக் காதில் வைத்தால் மூச்சுக்கு முந்நூறு கெட்ட வார்த்தை. "இது பாட்டா, குழாயடிச் சண்டையா?" என்று அப்பா அதட்டுகிறார். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று மகன் கதவைச் சாத்திக்கொள்கிறான். பேச்சு அத்தோடு முடிந்தது. அப்பாவின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, மகனின் ஈர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு காப்பியத்தையோ நாடகத்தையோ ஆராய்வது போலவே இதையும் ஆராய முடியுமா என்று பார்க்கலாம்.

நான் எடுத்துக்கொண்டிருப்பவர் ஐஸ் க்யூப். இயற்பெயர் ஓஷே ஜாக்சன். 1969-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். 1990 மே மாதத்திலிருந்து 1993 டிசம்பர் வரை, நான்கு வருடம்கூட நிறையாத காலத்தில், நான்கு முழு ஆல்பங்கள் வெளியிட்டார்: 'அமெரிக்காஸ் மோஸ்ட் வாண்டட்', 'டெத் சர்ட்டிஃபிகேட்', 'தி ப்ரெடேட்டர்', 'லீத்தல் இன்ஜெக்‌ஷன்'. இதை ஊன்றிக் கேட்பவர்கள் முதல் இரண்டையும் உச்சத்தில் வைத்து, மூன்றாவதை ஒரு படி கீழே இறக்கி, நான்காவதைக் கைகழுவிவிடுவார்கள். இந்த வரிசையோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் இசையைப் பற்றியது: பீட் எப்படி, சாம்பிள் எப்படி, எந்தத் தயாரிப்பாளர். என் அளவுகோல் வேறு. அது நம் வீட்டுச் சரக்குதான்.

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுள் உறுப்புகளை அடுக்கும்போது 'கூற்று' என்று ஒன்றைச் சொல்கிறார். அதன் பக்கத்திலேயே 'கேட்போர்' என்றும் ஒன்றைச் சொல்கிறார். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்ற இரண்டும் தெரியாமல் அகப்பாட்டில் ஒன்றும் விளங்காது. தலைவி தோழியிடம் சொன்னால் ஒரு பொருள். அதையே தலைவன் வேலிக்கு அப்பால் நின்று கேட்க, அவன் காதில் விழட்டும் என்று சொன்னால் வேறு பொருள். எழுதிய புலவரைத் தலைவியாக யாரும் எண்ணிக்கொள்வதில்லை. ராப் பாட்டில் மட்டும் 'நான் சுட்டேன்' என்று வந்தால் பாடுபவரே சுட்டதாக எடுத்துக்கொள்கிறோம். அதனால் இக்கட்டுரை முழுவதும் ஐஸ் க்யூப் என்ற கலைஞரை 'அவர்' என்றும், பாட்டுக்குள் பேசுகிற ஆளை 'அவன்' என்றும் எழுதப்போகிறேன். தமிழில் இந்த வசதி இருப்பது நல்லதாகப் போயிற்று. அவரும் அவனும் சில இடங்களில் ஒட்டிக்கொள்வார்கள். அங்கேதான் சிக்கலே.

முதலில் அந்த ஊர். தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ் ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. டயர், கார், இரும்பு என்று வேலை இருந்தது. சௌத் கேட் நகரில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980-லும், ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982-லும் மூடப்பட்டன. வேலை போன தெருக்களில் 1980களின் நடுவில் 'க்ராக்' என்ற மலிவுப் போதைச் சரக்கு புகுந்தது. அதன் பின்னாலேயே துப்பாக்கி, பிறகு போலீஸ். டேரில் கேட்ஸ் தலைமையிலிருந்த நகரப் போலீஸ், 'ஆபரேஷன் ஹாமர்' என்ற பெயரில் 1987 முதல் ஆயிரக்கணக்கான இளைஞர்களை வளைத்துப் பிடித்தது. இந்தப் பகுதியிலிருந்து பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறி, வெகு தூரத்தில் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கிலிருந்த டாஃப்ட் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்வந்தவர் ஜாக்சன். வீட்டுத் தெரு ஓர் உலகம், பள்ளித் தெரு இன்னோர் உலகம். பள்ளி முடிந்ததும் அரிசோனா மாநிலத்தில் ஒரு வருடம் கட்டட வரைபடம் வரையப் படித்தார். ரவுடிப் பாட்டு எழுதியவர் ட்ராஃப்ட்ஸ்மேன் படிப்புப் படித்தவர் என்றால் நம்மில் சிலருக்கு ஆறுதலாக இருக்கும்!

இன்னொன்று முக்கியம். ஐஸ் க்யூப் எழுத்தாளராகத்தான் தொடங்கினார், அதுவும் அடுத்தவருக்காக. ஈஸி-ஈ என்பவர் 1987-ல் பாடிப் புகழ்பெற்ற 'பாய்ஸ் இன் த ஹுட்' பாட்டை எழுதியவர் இவரே. அடுத்து என்.டபிள்யூ.ஏ. குழுவின் 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' (1988) ஆல்பத்தின் பெரும் பகுதியும் இவர் பேனாவிலிருந்து வந்தது. போலீஸைத் திட்டும் பாட்டுக்காக 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் ரெக்கார்டு கம்பெனிக்கே கண்டனக் கடிதம் அனுப்பினார். எழுதிய அளவுக்குப் பணம் கைக்கு வரவில்லை என்று சொல்லி அதே ஆண்டின் இறுதியில் குழுவை விட்டு வெளியேறினார் ஐஸ் க்யூப். ஆக, பிறர் வாயில் சொல்லை வைக்கிற கைப்பழக்கம் அவருக்கு முதலிலேயே வந்துவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது புரியும்.

'அமெரிக்காஸ் மோஸ்ட் வாண்டட்' என்ற பெயரிலேயே ஒரு குத்து. அமெரிக்கா என்ற சொல்லின் நடுவில் ஆங்கிலத்தில் வழக்கமாக வரும் எழுத்தை எடுத்துவிட்டு மூன்று 'கே' போட்டிருப்பார். கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறிக் கூட்டத்தின் முதலெழுத்துகள் அவை. இந்த ஆல்பத்துக்காக மேற்குக் கரையை விட்டு நியூயார்க் போனார். அங்கே 'பப்ளிக் எனிமி' குழுவின் தயாரிப்பாளர்களான பாம் ஸ்குவாட் கையில் இசையை ஒப்படைத்தார். தன் பழைய கூட்டாளி சர் ஜின்க்ஸையும் கூடவே வைத்துக்கொண்டார். பாம் ஸ்குவாட் முறை என்னவென்றால், பழைய ஃபங்க் ரெக்கார்டுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது. சைரன், கூச்சல், ட்ரம், யாரோ பேசுவது எல்லாம் ஒரே நேரத்தில் காதில் மோதும். சந்தைக்கடை மாதிரி இருக்கும், ஆனால் கணக்குப் பிசகாத சந்தைக்கடை.

அந்தச் சந்தடியில் 'அவன்' தனியாகப் பேசுவதே இல்லை. முதல் பாட்டிலேயே பல்லவி என்ன தெரியுமா? ஒரு கூட்டம் ஐஸ் க்யூபைப் பெயர் சொல்லித் திட்டுகிறது. தன் ஆல்பத்தின் முதல் பல்லவியை எதிரிகளின் வாயில் கொடுத்திருக்கிறார். இடையில் ஒரு டி.வி. செய்தியாளரின் குரலை வெட்டி ஒட்டியிருக்கிறார். 'எண்டேஞ்சர்டு ஸ்பீஷீஸ்' பாட்டு, கறுப்பினப் பையன்களை அழிந்துவரும் விலங்கினப் பட்டியலில் சேர்த்துவிட்டதாக ஒரு போலிச் செய்தி அறிக்கையோடு தொடங்குகிறது. 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த ப்ராஜெக்ட்ஸ்' ஒரு சிறுகதையேதான். பெண்ணைச் சினிமாவுக்கோ எதற்கோ கூட்டிப்போக அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகிறான் அவன். வரவேற்பறையில் உட்கார்ந்து காத்திருக்கும்போதே அந்த வீட்டில் நடப்பது போதை வியாபாரம் என்று புரிகிறது. எழுந்து ஓடலாமா என்று யோசிப்பதற்குள் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்து அவனையும் சேர்த்து அள்ளிப்போகிறது. சிரிப்புக் கதை, சிரித்து முடித்தபின் வயிற்றில் ஏதோ கனக்கும்.

அப்பாக்கள் கேட்கும் கேள்விக்கு இங்கேயே வந்துவிடுகிறேன். பெண்களைப் பற்றி இந்த ஆல்பத்தில் வருவது கேட்கச் சகிக்காது. ஒரு பாட்டில், கர்ப்பமான பெண்ணை வயிற்றில் உதைக்கலாமா என்று அவன் யோசிக்கிறான். 'அது அவன், அவர் இல்லை' என்று நான் போட்ட கோடு இந்த இடத்தில் கொஞ்சம் நடுங்குகிறது. அந்த யோசனையைப் பாட்டு எங்கும் தட்டிக்கேட்பதில்லை. சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். ஆனால் அதே ஆல்பத்தில் 'இட்ஸ் எ மேன்ஸ் வேர்ல்டு' என்று ஒரு பாட்டு வைத்திருக்கிறார். அவன் வழக்கம்போல ஆணாதிக்கச் சவடால் விடத் தொடங்க, யோ-யோ என்ற இளம்பெண் குறுக்கே புகுந்து வரிக்கு வரி மடக்குகிறாள். நம் மேடை நாடகங்களில் எசப்பாட்டு கேட்டவர்களுக்கு இதன் சுவை சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் தோற்பதாக முடிவில்லை. ஒரு கை கூடவே அவள் பக்கம் சாய்கிறது. யோ-யோவின் முதல் தனி ஆல்பம் 1991-ல் வெளிவருவதற்கும் ஐஸ் க்யூபே துணை நின்றார். திட்டுகிற ஆளே, திட்டு வாங்கியவளுக்கு மைக்கை நீட்டுகிறார். இதிலிருந்துதான் என் அளவுகோல் எனக்குக் கிடைத்தது: பாட்டுக்குள் எதிராளிக்குப் பதில் சொல்ல இடம் இருக்கிறதா?

1990 இறுதியில் 'கில் அட் வில்' என்ற சிறு தட்டு வந்தது. அதில் 'டெட் ஹோமீஸ்' என்ற ஒப்பாரி ஒன்று போதும், இவர் வெறும் சத்தக்காரர் இல்லை என்று காட்ட. 1991 ஜூலையில் ஜான் சிங்கிள்டன் இயக்கிய 'பாய்ஸ் இன் த ஹுட்' படத்தில் டோபாய் என்ற பாத்திரத்தில் நடித்தார். அந்த அக்டோபர் கடைசியில் வந்தது 'டெத் சர்ட்டிஃபிகேட்'.

அட்டைப்படத்தில் பிணவறை. கட்டிலில் அமெரிக்கக் கொடி போர்த்திய பிணம். கால் கட்டைவிரலில் கட்டிய சீட்டில் 'அங்கிள் சாம்' என்று பெயர். ஆல்பம் இரண்டு பாதி: 'சாவுப் பக்கம்', 'வாழ்வுப் பக்கம்'. இப்போது நாம் எங்கே நிற்கிறோம் என்று முதல் பாதி காட்டும், எங்கே போக வேண்டும் என்று இரண்டாம் பாதி சொல்லும் என்பது திட்டம். நேஷன் ஆஃப் இஸ்லாம் இயக்கத்தின் தாக்கம் அப்போது அவரிடம் பலமாக இருந்தது. அதன் பேச்சாளரான காலித் முகமதுவின் குரலும் ஆல்பத்தில் வருகிறது. கேட்போர் மாறிவிட்டார்கள் என்பதுதான் பெரிய மாற்றம். முதல் ஆல்பத்தில் அவன் வெளியாட்களைப் பார்த்துப் பேசினான். இதில் தன் சொந்தத் தெருவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறான்.

சாவுப் பக்கத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணவில்லை. 'மை சம்மர் வெக்கேஷன்' என்று பள்ளிக்கூடக் கட்டுரைத் தலைப்பு மாதிரி ஒரு பெயர். லாஸ் ஏஞ்சலிஸில் போட்டி அதிகமாகிவிட்டதால், கடை விரிக்கப் புது ஊர் தேடி செயின்ட் லூயிஸுக்கு விமானம் ஏறுகிறார்கள் போதை வியாபாரப் பையன்கள். கிட்டத்தட்டக் கம்பெனி புதுக்கிளை திறப்பது போலவே விவரிக்கப்படுகிறது. அங்கே போனால் உள்ளூர்ப் பையன்கள் ஏற்கெனவே லாஸ் ஏஞ்சலிஸ் ரவுடிகள் மாதிரி உடுத்திக்கொண்டு திரிகிறார்கள். கடைசியில் கைவிலங்கு. 'எ பேர்ட் இன் த ஹேண்ட்' இன்னும் கூர்மை. நன்றாகப் படித்த பையன்; சீக்கிரமே அப்பனாகிவிட்டான்; கல்லூரிக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை; பர்கர் கடைச் சம்பளத்தில் பால்பவுடர் வாங்க முடியவில்லை. 'பேர்ட்' என்றால் தெருமொழியில் ஒரு கிலோ கொக்கேன். பழமொழியைத் தலைப்பாக வைத்து அதன் பொருளை அப்படியே கவிழ்த்துவிடுகிறார்.

'அலைவ் ஆன் அரைவல்' பாட்டைத்தான் இந்த நான்கு ஆல்பங்களிலும் சிறந்ததாக நான் வைப்பேன். குண்டடிபட்ட ஒருவனைப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். உயிரோடுதான் வந்து சேர்கிறான். வரிசையில் காத்திருக்கிறான். நர்ஸ் விவரம் கேட்கிறாள். போலீஸ் வந்து, எந்த கேங், யார் சுட்டது என்று விசாரிக்கிறது. டாக்டர் மட்டும் வரவில்லை. பாட்டு முழுக்க அவன் பேசிக்கொண்டே இருக்கிறான், கேட்பவர் ஒருவரும் இல்லை. பாட்டு முடியும்போது அவனும் முடிந்துபோகிறான். தலைப்பின் அர்த்தம் அப்போது உறைக்கிறது. மருத்துவமனை வரவேற்பு மேசையின் முன் ரத்தச் சொந்தத்தோடு நின்றவர்கள், மொழி தெரியாத ஊரில் படிவம் நிரப்பியவர்கள், இதைக் கேட்டால் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

இந்தப் பாட்டுகளில் அவனுக்கு எதிர்ப்பேச்சு பேச வேறு ஆள் தேவைப்படவில்லை. கதையே அவனுக்குப் பதில் சொல்கிறது. சவடாலோடு தொடங்குகிறவன் சிறையிலோ பிணவறையிலோ போய் முடிகிறான். நாடகம் எழுதத் தெரிந்தவரின் வேலை இது.

வாழ்வுப் பக்கத்தில் கதை குறைந்து உபதேசம் கூடுகிறது. நல்ல உபதேசமும் உண்டு. 'அஸ்' பாட்டில் தன் இனத்தாரையே நிறுத்திவைத்து, பொறாமை, ஆடம்பரம், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடுவது என்று ஒவ்வொன்றாகச் சாடுகிறான். சங்கக் கூட்டங்களில் நம் தலைவர்கள்கூட இவ்வளவு துணிச்சலாகப் பேசிக் கேட்டதில்லை! ஆனால் இந்தப் பக்கத்தில்தான் 'ப்ளாக் கொரியா' இருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஓடாத பாட்டு.

அதன் பின்னணியைச் சொல்லியே ஆகவேண்டும். 1991 மார்ச் 3 அன்று ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸார் அடித்து நொறுக்கியது வீடியோவில் பதிவாகி உலகமே பார்த்தது. பதின்மூன்று நாள் கழித்து, மார்ச் 16 அன்று, லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுப் பெண், தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கொரியக் குடும்பத்தின் மளிகைக் கடையில் 1.79 டாலர் விலையுள்ள ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலுக்காக நடந்த தகராறில் கடைக்காரப் பெண்மணியால் பின்னந்தலையில் சுடப்பட்டு இறந்தாள். அவள் கையில் காசு இருந்தது. கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. நவம்பரில் வந்த தண்டனையில் சிறைவாசம் இல்லை; நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, 500 டாலர் அபராதம். பாட்டு அந்தத் தண்டனைக்குச் சில வாரம் முன்பே வெளிவந்துவிட்டது. அதில் லட்டாஷா பெயர் இல்லை. கடைக்குள் நுழைந்தால் திருடனைப் பார்ப்பது போல் பின்தொடர்ந்து வருகிறார்கள் என்ற கொதிப்பு இருக்கிறது. மரியாதை கொடு, இல்லாவிட்டால் கடையைக் கொளுத்துவோம் என்ற மிரட்டலோடு பாட்டு நின்றுவிடுகிறது.

கொதிப்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். கடைக்குள் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் நம் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பாட்டின் தொடக்கத்தில் ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' (1989) படத்தில், கொரியக் கடைக்காரரும் கறுப்பின வாடிக்கையாளரும் பேட்டரி வாங்குவதில் கத்திக்கொள்ளும் துண்டை ஒட்டியிருக்கிறார். கடைக்காரருக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான், அதுவும் இன்னொருவர் படத்திலிருந்து எடுத்தது. யோ-யோவுக்குக் கொடுத்த மைக் இங்கே யாருக்கும் நீட்டப்படவில்லை. முந்தைய பாட்டுகளைப் போலக் கதை நடந்து அவனுக்குப் பதில் சொல்வதும் இல்லை. இங்கே 'அவர்', 'அவன்' என்று நான் போட்ட கோடு அழிந்தே போகிறது.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் அமெரிக்க விவகாரம் இல்லை. வெளியூரில் கடை வைத்திருக்கிறோம், மெஸ் நடத்துகிறோம், 'வந்தேறி' என்று பெயர் வாங்கியிருக்கிறோம். 'டெத் சர்ட்டிஃபிகேட்' வெளிவந்த இரண்டு மாதத்துக்குள், 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 'கொளுத்துவோம்' என்ற சொல்லை எந்தப் பக்கமிருந்து கேட்கிறோம் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். அதே சமயம், நம் கடைக்கு வரும் உள்ளூர் ஏழையை நாம் எந்தக் கண்ணோடு பார்க்கிறோம் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கொரியர்கள் அந்தக் கடைகளை வாங்கியதற்கும் காரணம் உண்டு. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் அந்தப் பகுதிகளைக் கைவிட்டுப் போயிருந்தன. படித்துவிட்டு வந்தும் மொழி வராததால் வேறு வேலை கிடைக்காத குடியேறிகள், குடும்பம் மொத்தமும் காலை முதல் நள்ளிரவு வரை நின்று நடத்தினார்கள். கவுன்டருக்கு இரண்டு பக்கமும் கையில் பெரிதாக ஒன்றும் இல்லாதவர்களே நின்றார்கள்.

எதிர்ப்பு கிளம்பியது. 'பில்போர்டு' பத்திரிகை தலையங்கம் எழுதிக் கண்டித்தது. சைமன் வீசன்தால் மையம், ஆல்பத்தைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது, என்.டபிள்யூ.ஏ. பழைய நண்பர்களையும் அவர்களது யூத மேலாளரையும் வசைபாடும் 'நோ வாசலின்' பாட்டும் அதற்கு ஒரு காரணம். வசைகவி என்ற வகையில் அது பிரமாதமானது, காளமேகப் புலவர் கேட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார். ஆனால் மேலாளரின் இனத்தை இழுத்த இடத்தில் வசை வெறும் வெறுப்பாக இறங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் இந்த இரண்டு பாட்டையும் நீக்கிவிட்டே ஆல்பம் விற்பனைக்கு வந்தது. கொரிய மளிகைக் கடைக்காரர்கள் செய்ததுதான் சாமர்த்தியம். ஐஸ் க்யூப் விளம்பரம் செய்துவந்த செயின்ட் ஐட்ஸ் என்ற மதுவை அவர்கள் கடைகளில் விற்க மறுத்தார்கள். கறுப்பினத் தெருக்களில் அந்தச் சரக்கு விற்றதே கொரியர் கடைகள் வழியாகத்தான்! 1992 தொடக்கத்தில் அவர் அந்த வணிகர் சங்கத்துக்கு வருத்தம் தெரிவித்து எழுதினார். பாட்டுக்குள் கடைக்காரருக்குக் கிடைக்காத பதில், பாட்டுக்கு வெளியே, வியாபாரக் கணக்கு வழியாக வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 29. ராட்னி கிங்கை அடித்த போலீஸாரை ஜூரி விடுவித்தது. நகரம் எரிந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ 100 கோடி டாலர் சேதம். கொரியர்களின் கடைகள் மட்டும் 2,000-க்கும் மேல் சூறையாடப்பட்டன அல்லது எரிக்கப்பட்டன. கொரிய அமெரிக்கர்கள் அந்த நாளை இன்றும் 'சா-இ-கு' என்கிறார்கள். நான்கு, இரண்டு, ஒன்பது என்று அவர்கள் மொழியில் எண்கள். ஒரு பாட்டினால் நகரம் எரிந்தது என்று யாராவது சொன்னால் அது அபத்தம். பாட்டு இல்லாவிட்டாலும் எரிந்திருக்கும். ஆனாலும் எரிந்த பிறகு அந்தப் பாட்டைப் பழையபடி கேட்க முடியாது.

1992 நவம்பரில் வந்த 'தி ப்ரெடேட்டர்' பில்போர்டின் பொதுப் பட்டியலிலும் ஆர் அண்ட் பி பட்டியலிலும் ஒரே நேரத்தில் முதலிடத்தில் நுழைந்தது.  கலவரத்தைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் முன்பே என் ரெக்கார்டுகளில் இருந்தது என்ற பொருளில் ஆல்பத்தின் இடையே அவர் பேசுவது வருகிறது. உண்மைதான், ஆனால் அந்தக் குரலில் ஒரு வெற்றிக் களிப்பு இருப்பது எனக்கு உவப்பாக இல்லை. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்கிற உறவினரை யாருக்குப் பிடிக்கும்? கலவரப் பாட்டுகள் உரக்க இருக்கின்றன. தீர்ப்பு சொன்ன ஜூரியையும் போலீஸாரையும் பெயர் சொல்லிச் சாடுகின்றன. எரிந்த கடைக்காரர் இதிலும் வாய் திறக்கவில்லை.

ஆனால் இந்த ஆல்பத்தில்தான் 'இட் வாஸ் எ குட் டே' இருக்கிறது. ஐஸ்லி சகோதரர்களின் பழைய மெல்லிசை ஒன்றிலிருந்து எடுத்த கிட்டார் துண்டு, டி.ஜே. பூ அமைத்த நிதானமான பீட். அவன் காலையில் எழுகிறான். அம்மா செய்த சிற்றுண்டி. கூடைப்பந்து. நண்பர்களோடு தாயக்கட்டை மாதிரி பகடை. லேக்கர்ஸ் அணி ஜெயிக்கிறது. இரவு காதலி. போலீஸ் வழிமறிக்கவில்லை. தெரிந்தவர் யாரும் சாகவில்லை. துப்பாக்கியைத் தொட வேண்டியிருக்கவில்லை. பாட்டின் பாதி, நடக்காத விஷயங்களின் பட்டியல். நல்ல நாள் என்றால் என்ன என்று கேட்டால் இன்னின்னது நடக்கவில்லை என்றுதான் அவனால் சொல்ல முடிகிறது. இதைவிடக் கடுமையான கண்டனப் பாட்டை அவர் எழுதவில்லை. ஒரு கெட்ட நாள் எப்படி இருக்கும் என்று ஒரு வரிகூடச் சொல்லாமலே சொல்லிவிட்டார்.

வானத்தில் குட்இயர் கம்பெனியின் விளம்பர ஆகாயக் கப்பல் மிதந்து போவதும் பாட்டில் உண்டு. அதே குட்இயருக்குத் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் பெரிய டயர் ஆலை இருந்தது. 1980 வாக்கிலேயே மூடிவிட்டார்கள். வேலை போய்விட்டது, விளம்பரம் மட்டும் தலைக்கு மேலே மிதக்கிறது. ஐஸ் க்யூப் இதை நினைத்து எழுதினாரா என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் வளர்ந்த ஒருவர் நினைக்காமலே எழுதினாலும் வந்து விழும்.

இங்கே கேட்போர் யார்? வெளியாள் இல்லை, தன் தெரு இல்லை, எதிரி இல்லை. சங்கப் பாட்டுகளுக்கு அடியில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று துறைக் குறிப்பு பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. கடைசியில் திடீரென்று இசையை நிறுத்தச் சொல்லி, நான் என்ன யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். நெஞ்சே அவனுக்குப் பதில் சொல்லிவிட்டது. எஃப். கேரி கிரே எடுத்த வீடியோவில் அதே நேரம் ஆயுதம் தாங்கிய போலீஸ் வீட்டைச் சுற்றி வளைத்து நிற்கும்.

'லீத்தல் இன்ஜெக்‌ஷன்' பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1992 இறுதியில் டாக்டர் டிரேயின் 'தி க்ரானிக்' வந்து எல்லாரையும் ஜி-ஃபங்க் பக்கம் இழுத்துவிட்டது, இவரும் போனார். கார் ஸ்பீக்கரில் கேட்கச் சுகமாக இருக்கிறது. ஜார்ஜ் கிளின்டனோடு சேர்ந்து பதினொரு நிமிடம் ஓடும் 'பாப் கன்' ஜாலியான திருவிழா. ஆனால் அவன் யாரிடம் பேசுகிறான் என்றே தெரியவில்லை. எல்லாரிடமும் பேசுகிறான், அதாவது வாங்குகிறவர்களிடம். எதிரியும் இல்லை, எதிர்ப்பேச்சும் இல்லை. கோபம் மட்டும் பழக்கதோஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என்னைக் கேட்டால் இவருடைய உண்மையான நான்காவது ஆல்பம் ஒரு சினிமா. டி.ஜே. பூவோடு சேர்ந்து எழுதி நடித்த 'ஃப்ரைடே' (1995). ஒரு தெரு, ஒரு திண்ணை, ஒரே ஒரு நாள், வேலை போன இளைஞன். 'குட் டே'யை இழுத்து நீட்டியது போல. அண்டை வீட்டுக்காரர், பாதிரியார், அப்பா, அம்மா, தெரு ரவுடி எல்லாருக்கும் பேச வாய் இருக்கிறது, அவனைவிட நன்றாகவே பேசுகிறார்கள். கடைசிச் சண்டையில் அவன் கையில் துப்பாக்கி. அப்பா வந்து பேசுகிறார். அதைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சண்டை போடுகிறான். பிற்காலத்தில் 2006, 2008, 2010, 2018, 2024 என்று ஆல்பங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. அவற்றில் நல்ல பாட்டுகள் உண்டு, குரலும் தளரவில்லை. ஆனால் அந்த எசப்பாட்டுக் கலை சினிமாவுக்குக் குடிபோய்விட்டது.

வீட்டில் கேட்கப்போகிற அப்பாக்களுக்கு ஒரு யோசனை. பாட்டி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, பையனிடமே ஒரு பக்க ஹெட்போனைக் கேட்டு வாங்குங்கள். முதலில் யோ-யோ பாட்டு. அடுத்து 'அலைவ் ஆன் அரைவல்'. பிறகு, தாண்டிப் போகாமல், 'ப்ளாக் கொரியா'. அது முடிந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு, அந்தக் கடைக்காரர் வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பையனைக் கேளுங்கள். அவன் கேட்டால், லட்டாஷா என்ன சொல்லியிருப்பாள் என்று நீங்கள் சொல்லவேண்டியிருக்கும்.